மேலாளும் கீழாளும்

ஒரே வேலையை இருவர் சேர்ந்து செய்தால், வரும் கூலியைச் சரிபாதியாகப் பிரிப்பது நியாயமா, அல்லது அவரவர் பட்ட பாட்டை நிறுத்துப் பார்த்துப் பிரிப்பது நியாயமா? கூட்டுக் கடை நடத்தும் நம்மவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. ஐந்தொகை எடுக்கும் இரவில், மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தேநீர் குடித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த நேரத்தில் நியாயம் பேசத் தொடங்கினால் பெரும்பாலும் அது வழக்காகத்தான் முடிகிறது. ஆகவே, கணக்கு முடிக்கும் மாதத்துக்கு வெகு முன்னதாக, யாருக்கும் யார்மீதும் கோபமில்லாத இப்பொழுதே இதைப்பற்றிச் சற்று யோசிக்கலாமே என்று எண்ணினோம்.

யோசிப்பதற்குக் கடையை எடுத்துக்கொள்ளாமல் மரம் அறுக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறோம். வைரம் பாய்ந்த பெரிய அடிமரத்தை இரண்டு ஆட்கள் கைவாளால் நெடுக அறுத்துப் பலகையாக்குகிறார்களே, அந்த வேலை. கடையில் யார் எவ்வளவு செய்தார் என்பது பாதி பேரேட்டிலும் பாதி மனத்திலும் கிடக்கும். மரமறுப்பில் எல்லாம் வெட்டவெளியில் நடக்கிறது. வழியோடு போகிறவன்கூட நின்று பார்த்து, யார் என்ன செய்கிறார் என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட இடத்திலேயே பங்கு பிரிப்பது எவ்வளவு சிக்கலாக இருக்கிறது என்று பார்த்துவிட்டால், கடைக்கு வருவது எளிது.

இத்தொழில் இப்போது அநேகமாக மறைந்துவிட்டது. மலாயாவில் மர ஆலைகள் பெருகுவதற்கு முன்னர், சீனத் தொழிலாளர் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டுத் தங்கிக் கையால் மரம் அறுத்தார்கள். செங்கால் மரம் என்றால் இந்நாட்டில் அறியாதவர் இல்லை. காய்ந்த பின்னும் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்குமேல் நிறுக்கும் மரம் அது. டாமர் பேனாக் என்ற பிசின் வடிவதும் இம்மரத்தில்தான். திரங்கானு டுயோங் தீவில் படகு கட்டுகிறவர்கள் விரும்பி எடுத்த மரம் இதுவே. கிளந்தானின் பழைய கம்போங் லாவுட் பள்ளிவாசலும் செங்கால் மரத்தால் ஆனது. 1967-ஆம் வருஷ வெள்ளத்துக்குப் பிறகு அதைப் பிரித்து நீலம் புரிக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள் என்றால், மரத்தின் உறுதியையும் அதைக் கையால் இழைத்துச் சேர்த்தவர்களின் திறமையையும் நாமே ஊகித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலும் வீடு கட்டுகிறவர் தம் கொல்லை மரத்தை முற்றத்திலேயே ஆள் வைத்து அறுத்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. சிறு பிராயத்தில் மதரஸாவுக்குப் போகும் வழியில், ஒரு புளியமரம் இவ்விதம் அறுபடுவதை நாம் நாள்கணக்கில் பார்த்திருக்கிறோம்.

வேலை நடக்கும் விதம் இது. அடிமரத்தை ஒரு குழியின்மேல் குறுக்குக் கட்டைகளில் கிடத்துவார்கள். குழி தோண்ட வசதியில்லாத இடத்தில், ஆள் உயரத்துக்குமேல் கவைக்கால்கள் நட்டு அவற்றின்மேல் ஏற்றுவார்கள். இரு முனைகளிலும் தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்தாகக் கோடு போட்டபின், கரி தோய்த்த நூலை மரத்தின் நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சுண்டினால், மரத்தின் முதுகில் நேரான கறுப்புக் கோடு விழும். ஒருவர் மரத்தின்மேல் ஏறி நிற்பார். ஒருவர் அடியில் நிற்பார். இவர்களை மேலாள் என்றும் கீழாள் என்றும் நம் வசதிக்காகச் சொல்லிக்கொள்வோம்.

வாளின் பற்கள் கீழ்நோக்கியவை. ஆகையால் வாள் கீழே இறங்கும்போதுதான் மரம் அறுபடும். இறக்குகிறவர் கீழாள், உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுக்கிறார். அறுந்த தூள் அவ்வளவும் அவர் தலையிலும் கண்ணிலும் கழுத்திலும் கொட்டுகிறது. மேலாள் வாளை மறுபடி தூக்குகிறார். அவர் வேலை சுலபம் என்று கீழே நிற்கும் வேடிக்கைக்காரன் நினைப்பான். ஆளுயர வாளை, ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவையோ, குனிந்த முதுகோடு தூக்கிப் பார்த்தால் தெரியும். அதற்கும்மேலாக, கண்ணைக் கோட்டைவிட்டு எடுக்காமல், உருண்ட மரத்தின்மேல் பின்னோக்கி அடி எடுத்து வைக்கவேண்டும். கோடு ஒரு நூல் தவறினால், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு விலகினால், பலகை கெட்டது. அறுத்ததை ஒட்டவைக்க உலகத்தில் ஒருவராலும் ஆகாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த வாள் நீளமானது, மெல்லியது. இழுத்தால் விறைப்பாக நிற்கும், தள்ளினால் வளைந்துவிடும். ஆகவே ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போது கையை எடுத்துவிடவும் கூடாது, அழுத்தவும் கூடாது. தம் முறை வரும்வரை சும்மா இருப்பதும் அங்கே ஒரு வேலைதான். கூட்டு வியாபாரத்தில் தம் பங்காளி ஒரு காரியத்தை நடத்தும்போது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

சரி, பங்குக்கு வருவோம்.

“இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் பலகை இல்லை, ஆகவே சரிபாதி” என்பது முதலில் தோன்றும் நியாயம். கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் இருவரும் அவசியம் என்பதைத்தான் இது நிரூபிக்கிறது. இருவரும் சமம் என்பதை நிரூபிக்கவில்லை. பிரியாணிக்கு உப்பும் அவசியம், அரிசியும் அவசியம், இறைச்சியும் அவசியம். அதற்காக மூன்றுக்கும் ஒரே விலை போட்டு விற்கும் கடைக்காரர் நம்மில் யார்?

சரி, பட்ட பாட்டை நிறுத்துப் பிரிக்கலாம் என்றால், தராசு எங்கே? நாள் முழுதும் இழுத்த தோளை ஒரு தட்டிலும் நாள் முழுதும் கோட்டைப் பார்த்த கண்ணை மறு தட்டிலும் வைக்க முடியாது. இங்கிலாந்து தேசத்தில் பெரும்பாலும் மேலாளே வாளுக்குச் சொந்தக்காரர். அரம் போட்டுப் பல் தீட்டுகிறவரும் அவரே. வேலை பேசி முடிப்பவரும் அவரே. அதனால் அவருக்குக் கூடுதல் கொடுப்பது வழக்கமாயிருந்தது. கண்ணும் அறிவும் உள்ளவருக்கு அதிகம், வெறும் பலம் உள்ளவருக்குக் குறைவு என்பது அந்த வழக்கத்தின் உட்கருத்து. நம்மவர்களிலும் இக்கருத்து வேரூன்றிக் கிடக்கிறது. கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து, கொள்முதல் விலை தெரிந்து, பாங்கிக்குப் போய் வருகிறவர் மேலாள். கிட்டங்கியில் மூட்டை எண்ணி, விடியற்காலையில் லாரி இறக்கி, மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் மூக்கில் ஏற நிற்பவர் கீழாள். “கோட்டைப் பார்ப்பவன் நான்தானே?” என்பது முன்னவரின் மனத்துக்குள் இருக்கும் வாக்கியம்.

இந்த இடத்தில் மரமறுப்பை இன்னும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கீழாளுக்குக் கோடு தெரியாது என்பது மெய். ஆனால் மேலாளுக்கு மரத்தின் அடிப்பக்கம் தெரியுமா? தெரியாது. மேலே கோடு பிசகாமல் வாள் போய்க்கொண்டிருக்கும்போதே, கீழாள் சற்றுச் சாய்த்து இழுத்தால், வாள் அடியில் விலகிப்போகும். மேலே ஓர் அங்குலம், கீழே முக்கால் அங்குலம் என்று பலகை வந்து விழும்போதுதான் மேலாளுக்கு விஷயம் புரியும். கண் உள்ளவர் என்று பெயர் வாங்கிய மேலாளும் பாதி மரத்துக்குக் குருடர்தான். தமக்குத் தெரியாத பாதியைக் கீழாளின் கையில் நம்பி ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் மேலே நிற்கிறார். மரத்தின் வைரம் எங்கே இறுகுகிறது, கணு எங்கே தட்டுகிறது என்பதையெல்லாம் கீழாளின் கை உணர்கிறது. கிட்டங்கியில் நிற்பவருக்குத்தான் எந்தச் சாக்கில் ஈரம் ஏறியிருக்கிறது, எந்த வாடிக்கைக்காரர் முகம் சுளித்துத் திரும்பிப் போனார் என்பது தெரியும். அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

ஆகவே, “பார்க்கிறவனுக்கு அதிகம்” என்னும் நியாயமும் நிலைக்கவில்லை. இருவரும் ஒவ்வொரு பாதியைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பாதிக்கு மற்றவரை நம்புகிறார்கள்.

அப்படியானால் சரிபாதிக்கே திரும்பிவிட்டோமா? இல்லை. வாள் இன்னும் பாக்கியிருக்கிறது.

வாள் யாருடையது என்ற கேள்வியை உழைப்பின் கேள்வியோடு கலந்துவிடுவதால்தான் மனக்கசப்பு பிறக்கிறது என்பது நம் அபிப்பிராயம். கடற்கரை ஊர்களில் நம்மவர் இதை வெகு காலத்துக்கு முன்பே தீர்த்துவைத்திருக்கிறார்கள். மீன் பாட்டைப் பிரிக்கும்போது வள்ளத்துக்கு இன்ன பங்கு, வலைக்கு இன்ன பங்கு, ஆளுக்கு இன்ன பங்கு என்று தனித்தனியே எடுத்துவைக்கிறார்கள். வள்ளத்துக்காரர் தாமும் கடலுக்குப் போனால், வள்ளத்தின் பங்கோடு தமக்குரிய ஆள் பங்கையும் வாங்கிக்கொள்கிறார். அதைப் பார்த்து யாரும் வயிறு எரிவதில்லை. ஏனெனில் எதற்கு எவ்வளவு என்று பெயர் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. “எனக்கு முக்கால், உனக்குக் கால்” என்று மொத்தமாகச் சொன்னால், கால் பங்குக்காரர் தம்மைக் கால் மனிதராக மதித்துவிட்டதாக நினைக்கிறார். “வாளுக்குக் கால், மீதியில் ஆளுக்குச் சரிபாதி” என்று சொன்னால் அந்த எண்ணமே எழாது. ஒருவேளை நாளைக்கு அவரே பாதி வாளை விலைகொடுத்து வாங்கிக்கொள்ளவும் வழி பிறக்கும்.

ஒரே ஊரைச் சேர்ந்த இருவர் பதினொரு வருஷம் கூட்டாகக் கடை நடத்திப் பிரிந்த விசாரணை ஒன்றில் நாமும் ஒரு மூலையில் இருந்தோம். பெயர் வேண்டாம். இருவரும் திருடவில்லை, இருவர் கணக்கும் சுத்தம். ஆனால் கடையின் வாடகைப் பத்திரமும் லைசென்ஸும் ஒருவர் பெயரில் இருந்தன. வருஷந்தோறும் அவர் எடுத்துக்கொண்ட கூடுதல் தொகை, பத்திரத்துக்காகவா, அவர் போட்ட முதலுக்காகவா, அல்லது அவர் வயதில் மூத்தவர் என்பதற்காகவா என்று இளையவர் கேட்டார். மூத்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை. “காக்கா, எதற்கென்று சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்” என்று இளையவர் அழுதார். பெரியவர்கள் பேசி ஒரு தொகையைத் தீர்த்து வைத்தார்கள். தொகையில் இளையவருக்குக் குறையில்லை. ஆனால் அதற்குப்பின் இருவரும் ஒரு பந்தியில் உட்கார்ந்து நாம் பார்த்ததில்லை. ஒருவருடைய ஹக்கைக் கொடுத்தால் மட்டும் போதாது, இது இன்னதற்கான ஹக்கு என்று சொல்லியும் கொடுக்க வேண்டும் போலும்.

வாளைப்பற்றிப் பேசும்போது அரத்தையும் மறக்கலாகாது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் தீட்டிய ஃபூஜி மலைப் படங்களில் ஒன்றைச் சிலர் காலண்டரில் கண்டிருக்கலாம். சாய்த்து நிறுத்திய மகா பெரிய மரத்தின்மேல் ஒருவர், அடியில் ஒருவர் நின்று அறுக்கிறார்கள். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து வாளுக்குக் கூர் தீட்டிக்கொண்டிருக்கிறார். படத்தைப் பார்க்கிறவர்களின் கண் இந்த மூன்றாம் ஆளிடம் போவதில்லை. ஆனால் வைர மரம் பல்லை மழுக்கிவிடும். மழுங்கிய வாளை இழுக்கும் கீழாளின் பாடு இரட்டிப்பாகும். வாள் வழி தவறவும் தொடங்கும். அறுக்காமல் உட்கார்ந்து தீட்டிய நேரமும் அறுத்த நேரத்தில் சேர்ந்ததே. ஏடு எழுதும் பையனையும், ஊரில் குடும்பத்தைக் கவனித்து இவரைக் கவலையின்றிக் கடையில் நிற்கவிடும் மனைவியையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? கணக்கில் சேர்ப்பதற்கு நமக்கு வழி தெரியவில்லை; விட்டுவிட்டோம் என்ற நினைவாவது இருக்கவேண்டும்.

இனி நஷ்டத்தின் பங்கு. லாபத்தைவிட இதில்தான் நம்மவர் அதிகம் சண்டையிடுகிறார்கள்.

வாள் போகும் வழியிலுள்ள மரமெல்லாம் தூளாகிறது. வாள் இரண்டு நூல் கனத்துக்கு வழி தின்றால், ஓர் அங்குலப் பலகைக்குக் கால் அங்குலம் தூள். ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. இது யாருடைய குற்றமும் அன்று. தட்டார் பொன்னுக்குச் சேதாரம் சொல்வதுபோல மரத்துக்கும் சேதாரம் உண்டு. அதை யார் தாங்குவது? பழைய மரவியாபாரிகள் இதற்கு ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். இங்கிலாந்துக்காரரான எட்வர்ட் ஹாப்பஸ் என்பவர் 1736-இல் வெளியிட்ட அளவுப் புத்தகத்தின் பெயரால் அது ஹாப்பஸ் கணக்கு எனப்படும். மலாயாவிலும் உருட்டு மரத்தை இக்கணக்கில் 50 கன அடி ஒரு டன் என்று விற்றார்கள். மரத்தின் சுற்றளவை நூலால் அளந்து, அந்நூலை நாலாக மடித்து, அந்தக் கால் பாகத்தை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். 3 அடி குறுக்களவும் 20 அடி நீளமும் உள்ள மரத்தில் உண்மையாக இருப்பது சுமார் 141 கன அடி. ஹாப்பஸ் கணக்குப்படி 111 தான் வரும். குறைகிற 30 கன அடி, புறப்பலகைக்கும் தூளுக்கும் முன்கூட்டியே தள்ளிக்கொடுத்த சேதாரம்.

இதைக் கவனியுங்கள். அளவு உண்மையைவிடக் குறைவு. ஆயினும் இதில் மோசம் இல்லை. விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், விலை அதற்குத் தக்கபடி பேசப்படுகிறது. இதே குறையை ஒருவர் மட்டும் அறிந்து மற்றவர் அறியாமல் இருந்தால் அதன் பெயர் வேறு. வற்றல் மிளகாய் காய்ந்து எடை இளைக்கும், வெங்காயம் அழுகும், சாக்கின் எடை அரிசியில் சேரும். இளைப்பு இவ்வளவு என்று பங்காளிகள் இருவரும் முன்னமே எழுதிக்கொண்டால் அது சேதாரம். ஒருவர் மட்டும் தம் மனத்தில் வைத்துக்கொண்டால், எடை எவ்வளவு நேராக இருந்தாலும், அங்கே பரக்கத்து தங்குவதில்லை.

மிச்சத் துண்டுகள் யாருக்கு என்பதையும் எழுதிவைப்பது நலம். இங்கிலாந்தின் அரசாங்கக் கப்பல் துறைகளில், வேலையில் விழும் சிறு துண்டுகளைத் தச்சர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்ற பழைய பழக்கம் ஒன்று இருந்தது. மூன்றடிக்கு மேற்படாத துண்டாக இருக்கவேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். பிறகு என்ன? நல்ல மரமெல்லாம் மூன்றடித் துண்டாக விழத் தொடங்கியது. 1801-இல் அப்பழக்கத்தை நிறுத்தி, அதற்கு ஈடாகப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கிட்டங்கியில் “உடைந்த சாமான் வேலையாளுக்கு” என்று தாராளமாகச் சொல்லும் முதலாளிமார் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது. வேலையாள் கெட்டவன் என்று நாம் சொல்லவில்லை. குறைந்த சம்பளத்தை மிச்சத்தால் ஈடுகட்டச் சொல்லும் ஏற்பாடுதான் அவனைச் சோதனையில் மாட்டிவைக்கிறது. சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் பிஸ்கட் டின்கள் இவ்வளவு நசுங்கமாட்டா.

இயந்திரம் வந்தபின் இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஹாலந்து தேசத்தில் காற்றாலையைக் கொண்டு மரம் அறுக்கும் முறைக்குக் கார்னெலிஸ் கார்னெலிஸ்ஸூன் என்பவர் 1593-லேயே உரிமை பெற்றுவிட்டார். 1768 மே மாதத்தில் லண்டன் லைம்ஹவுஸில் இருந்த காற்று மர ஆலையை மரமறுப்போர் கூட்டமாய்ச் சென்று இடித்தார்கள். இடித்து என்ன பயன்? ஆலை நிலைத்தது, வாள் பிடித்தவர்கள் மறைந்தார்கள். முன்பு வாளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று கேட்க இடமிருந்தது. ஆலையில் வாளின் பங்கு மலையாக வளர்ந்து, ஆளின் பங்கு நாள் கூலியாகச் சுருங்கிற்று. நம் சிறு கடைகளில் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. இன்னும் மேலாளும் கீழாளும் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். ஆகையால் பேசித் தீர்க்க இடமிருக்கிறது.

ஒரு விஷயம் பாக்கி நிற்கிறது. கீழாள் வயதாகி இழுக்கமாட்டாமல் போனால் என்ன செய்வது? இருபது வருஷம் தூளைத் தலையில் வாங்கிய மனிதர், மரம் அறுபடாத நாளில் பங்கு கேட்க முடியாது. கேட்காவிட்டால் அவருக்குக் கஞ்சியில்லை. வாளை விற்றால் வாளுக்காவது விலை உண்டு. தேய்ந்த தோளுக்கு என்ன விலை என்று சென்ற வாரம் ஒரு மூத்த வியாபாரியிடம் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ரசீதுக் கட்டை எடுத்துக் காட்டினார். ஊரில் படுத்திருக்கும் தம் பங்காளிக்கு மாதந்தோறும் அனுப்பிய பணத்தின் ரசீதுகள் அவை. அந்தப் பங்காளி கடைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை என்றார். தமக்குப் பின் மகன் கடைக்கு வருவதற்குள் அதை எழுதிவைத்துவிட வேண்டும் என்றும், நல்ல எழுத்தர் யாராவது தெரிந்தால் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.